எழுதிவைத்த அமைதி

போர்ன்விட்டா டப்பா நுழையாத தமிழ் வீடு குறைவு. அந்தப் பெயரின் முன்பாதி ஓர் ஊரிலிருந்து வந்தது என்பது பலருக்குத் தெரியாது. இங்கிலாந்தில் லண்டனுக்கு அடுத்த பெரிய நகரமான பர்மிங்காமின் மையத்திலிருந்து தெற்கே 4 மைல் தள்ளி இருக்கிறது போர்ன்வில். கேட்பரி சாக்லேட் ஆலையும், அதை ஒட்டி 1895 முதல் எழும்பிய குடியிருப்பும் சேர்ந்ததே அந்தப் புறநகர். அங்கே போய் வந்தவர்கள் முதலில் அதன் அமைதியைச் சொல்வார்கள். அடுத்த மூச்சில் கேட்பரி குடும்பத்தின் நல்ல மனதைச் சொல்வார்கள். முதலில் சொல்வது முழு உண்மை. இரண்டாவதில் பாதிதான் உண்மை என்ற எண்ணம் இந்தப் பயணம் நெடுகிலும் எனக்கு வலுத்துக்கொண்டே போனது. நல்ல மனம் உள்ள முதலாளிகள் எல்லா நாட்டிலும் இருந்திருக்கிறார்கள். அவர்கள் கட்டிக்கொடுத்த தெருக்கள் பேரன் காலத்தில் கைமாறி, கூறுபோடப்பட்டு, அடையாளம் தெரியாமல் போனதையும் பார்த்திருக்கிறோம். போர்ன்வில் அப்படிப் போகாமல் நின்றதற்குக் காரணம் 1900-இல் எழுதப்பட்ட ஒரு பத்திரம். நிலம் இனி யாருடையது என்ற கேள்விக்கு அந்தப் பத்திரம் சொன்ன பதில்தான் இன்றைக்கும் அந்தத் தெருக்களில் அமைதியாக இருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் பயணத்தை நகரத்தின் நடுவில் தொடங்குவதுதான் சரி. ஹர்ஸ்ட் தெருவின் மூலையில், சீன உணவகங்களுக்கும் நாடக அரங்குக்கும் நடுவே, நேஷனல் டிரஸ்ட் அமைப்பு ஒரு பழைய வளவைப் பாதுகாத்து வருகிறது. கோர்ட் 15 என்று அதற்குப் பெயர். ஒரு முற்றம், அதைச் சுற்றி 11 வீடுகள். நம் ஊர் ஒண்டுக்குடித்தனத்தை அறிந்தவருக்கு அந்த முற்றம் உடனே பிடிபட்டுவிடும். பொதுக் கழிப்பறை, பொதுவான துணி துவைக்கும் கொட்டகை, முறைவைத்துத் துவைக்கும் நாள். பிடிபடாமல் நிற்பது வீட்டின் பின்சுவர்தான். ஒரு வீடு தெருவைப் பார்த்து நிற்கும்; அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு இன்னொரு வீடு முற்றத்தைப் பார்த்து நிற்கும். நடுவில் ஒரே சுவர். அதனால் எந்த வீட்டுக்கும் கொல்லைக் கதவு கிடையாது, பின்பக்க ஜன்னலும் கிடையாது. கீழே ஓர் அறை. அங்கேதான் அடுப்பு, சாப்பாடு, குளியல், கைத்தொழில் எல்லாம். ஆள் தோள் இடிக்கும் சுழல் படியில் ஏறினால் மேலே ஓர் அறை, அதற்கும் மேலே இன்னொன்று. முன்வாசல் வழியாக நுழைந்த காற்று வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்கிவிடும். முதல் உலகப் போர் முடிந்த சமயத்தில் பர்மிங்காமில் இப்படிப்பட்ட வீடுகள் 40,000-க்கும் மேல் இருந்தன. சுமார் 2 லட்சம் பேர் அவற்றில் வாழ்ந்தார்கள். காசநோயும் வயிற்றுப்போக்கும் சிசு மரணமும் இந்த முற்றங்களில் நிரந்தரக் குடித்தனக்காரர்களாக இருந்தன.

அங்கிருந்து தெற்கே போகும் ரயில் பாதை ஒரு பழைய கால்வாயை ஒட்டியே ஓடுகிறது. நகரின் கரி படிந்த செங்கல் சுவர்கள் முடிந்ததும் இரண்டு பக்கமும் மரங்கள் அடர்ந்துவிடுகின்றன. இது எட்ஜ்பாஸ்டன். பெரிய தோட்டங்களும் வெள்ளைப் பூச்சு மாளிகைகளும் உள்ள, நகரத்துச் செல்வந்தர்களின் புறநகர். இதுவும் அமைதியான இடம். இந்த அமைதியும் தற்செயலாக வந்ததல்ல. 1717-இல் இந்த நிலத்தை வாங்கிய காஃப் குடும்பம், பின்னாளில் கால்தோர்ப் பிரபுக்கள் என்று பட்டம் பெற்று, நிலத்தை விற்காமல் நீண்ட காலக் குத்தகைக்கு விட்டது. தொழிற்சாலை கூடாது, பட்டறை கூடாது என்பது குத்தகைப் பத்திரத்தின் நிபந்தனை. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கால்வாய் வெட்ட வந்தவர்களிடமும், தங்கள் நிலத்தின் கரையில் ஆலையோ கிடங்கோ எழக்கூடாது என்று அந்தக் குடும்பம் எழுதி வாங்கிக்கொண்டது. உலகத்தின் பட்டறை என்று பெயரெடுத்த நகரத்தில், அந்தப் பட்டறைகளின் முதலாளிகள் மட்டும் புகையில்லாமல் தூங்க ஓர் ஏற்பாடு. ஒரு புறநகரின் அமைதி எப்படி உண்டாகிறது என்பதற்கான விடை எட்ஜ்பாஸ்டனிலேயே கிடைத்துவிடுகிறது. நிலம் ஒரே கையில் இருக்க வேண்டும். அந்தக் கை அவசரப்பட்டு விற்காமல் இருக்க வேண்டும். என்ன கட்டலாம், என்ன கூடாது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். அதே ரயில் பாதையில் இன்னும் சில மைல் தள்ளி, அதே கருவியைத் தொழிலாளிக்காகப் பயன்படுத்த முடியுமா என்ற சோதனை நடந்தது.

போர்ன்வில் நிலையத்தில் தூண்களும் வேலிகளும் கேட்பரி உறையின் ஊதா நிறத்தில் இருக்கின்றன. ஒரு பக்கம் கால்வாய், இன்னொரு பக்கம் ஆலை. காற்றுவாக்கைப் பொறுத்து சில சமயம் கோகோ மணம் வந்து தொடும். ஜான் கேட்பரி 1824-இல் பர்மிங்காமின் புல் தெருவில் தேயிலை, காப்பி, கோகோ விற்கும் கடை திறந்தவர். அவர் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். பாதிரியார் இல்லாமல் மௌனமாக அமர்ந்து வழிபடும் மக்கள் அவர்கள். சத்தியப் பிரமாணம் செய்ய மறுப்பார்கள், போரை எதிர்ப்பார்கள். இதனால் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் கதவுகள் வெகுகாலம் அவர்களுக்கு அடைபட்டிருந்தன. ராணுவத்துக்குப் போக அவர்கள் மனசாட்சி இடம்தரவில்லை. மிஞ்சியது வியாபாரம். யார்க் நகரின் ரௌன்ட்ரீ, பிரிஸ்டலின் ஃப்ரை, பர்மிங்காமின் கேட்பரி என்று இங்கிலாந்தின் பெரிய சாக்லேட் குடும்பங்கள் மூன்றுமே குவேக்கர்களாக இருந்தது இதன் விளைவுதான். சாராயத்துக்கு மாற்றாக ஏழைகள் குடிக்கச் சூடான ஒரு பானம் என்ற எண்ணமும் கோகோவின் பின்னால் இருந்தது. ஜானின் மகன்கள் ரிச்சர்டும் ஜார்ஜும் 1861-இல் நொடித்துப்போன நிலையில் இருந்த தொழிலை ஏற்று, 1879-இல் நகரத்து நெரிசலை விட்டு இந்த வயல்வெளிக்கு ஆலையைக் கொண்டுவந்தார்கள். அருகில் ஓடிய போர்ன் என்ற ஓடையின் பெயரோடு, ஊர் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லைச் சேர்த்து இடத்துக்குப் பெயர் வைத்தார்கள். நல்ல சாக்லேட் என்றால் பிரான்ஸ் என்று மக்கள் நினைத்த காலம் அது.

ஆலையைக் கடந்து மேட்டில் ஏறினால் ஊரின் நடுப் புல்வெளி. அதன் மையத்தில் எண்கோண வடிவில் ஒரு சின்ன மண்டபம் இருக்கிறது. டன்ஸ்டர் என்ற பழைய ஊரின் நூல் சந்தைக் கட்டடத்தை மாதிரியாக வைத்துக் கட்டியது. ஜார்ஜ், எலிசபெத் கேட்பரி தம்பதியின் 25-ஆவது மணநாளுக்குத் தொழிலாளர்கள் 1914-இல் கொடுத்த பரிசு. புல்வெளியைச் சுற்றிக் கடைகள், குவேக்கர் வழிபாட்டு மண்டபம், தொடக்கப் பள்ளி. பள்ளியின் கோபுரத்தில் மணிகளாலேயே பாட்டு வாசிக்கும் கருவி ஒன்று உண்டு. பெல்ஜியத்தின் புரூஜ் நகரில் கேட்டு மயங்கிய ஜார்ஜ் 1906-இல் 22 மணிகளோடு தொடங்கி வைத்தது இன்றைக்கு 48 மணிகளாக வளர்ந்திருக்கிறது. கோபுரத்தில் இருப்பவர் விரலால் அல்ல, மூடிய கையால் மரக் கட்டைகளைத் தட்டி வாசிக்கிறார். சனிக்கிழமைகளில் அந்த ஒலி புல்வெளியைத் தாண்டித் தோட்டங்கள் வரை போகும். அமைதி என்றால் சத்தமே இல்லாமை என்று நினைப்பவர்களுக்கு இந்த ஊர் வேறொன்றைக் காட்டுகிறது. ஆலை ஓடுகிறது, ரயில் ஓடுகிறது, பள்ளிக்கூடம் கலகலக்கிறது, மணி அடிக்கிறது. ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளாதபடி அவற்றுக்கு நடுவே போதுமான இடம் விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த இடத்தைத்தான் கோர்ட் 15-இல் யாராலும் விலை கொடுத்து வாங்க முடியவில்லை.

ஜார்ஜ் கேட்பரிக்கு அந்த முற்றங்கள் காதால் கேட்ட செய்தி அல்ல. பர்மிங்காமின் செவர்ன் தெருவில் எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கான ஞாயிறு வகுப்பில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு பாடம் நடத்தியவர் அவர். மாணவர்கள் வராத வாரம் அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பார். காற்றும் வெளிச்சமும் இல்லாத அறையில் இருக்கும் மனிதனுக்கு ஒழுக்கம் போதித்துப் பயனில்லை, அவனுக்கு முதலில் ஒரு தோட்டம் வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தது அந்த வீடுகளிலிருந்துதான். 1893-இல் ஆலையை ஒட்டி 120 ஏக்கர் வாங்கினார். இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த வில்லியம் அலெக்சாண்டர் ஹார்வி என்ற இளைஞரைக் கட்டட வடிவமைப்பாளராகப் பிடித்தார். லிண்டன், அகேசியா, லபர்னம், சிகமோர் என்று மரங்களின் பெயரையே தாங்கிய அந்தத் தெருக்களில் இன்று நடந்தால், ஒரே அச்சில் வார்த்த வீடுகள் வரிசையாக வராததைக் கவனிக்கலாம். ஒன்றின் கூரை தாழ்ந்து வரும், அடுத்ததன் ஜன்னல் வளைந்து துருத்தும், மூன்றாவதன் செங்கல் வேறு நிறம். கொஞ்சம் செலவில் இவ்வளவு வேறுபாடு காட்ட முடிந்தது ஹார்வியின் திறமை. வீடு மனையில் கால் பங்குக்கு மேல் அடைக்கக்கூடாது. சாலைகளும் தோட்டங்களும் போக, மொத்த நிலத்தில் பத்தில் ஒரு பங்கு பூங்காவாகவே இருக்க வேண்டும் என்பது விதி.

வீட்டின் பின்பக்கம் இன்னும் பேசும். குடி வருபவர் கையில் வெறும் மனையைக் கொடுக்கவில்லை. மண்ணைக் கொத்தி, பாத்தி கட்டி, ஆப்பிள், பேரி, பிளம் மரங்களும் கூஸ்பெர்ரிப் புதர்களும் நட்டுத் தோட்டமாகவே கொடுத்தார்கள். ஆலையில் நாள் முழுக்க நின்ற மனிதன் மாலையில் தன் மண்வெட்டியால் பார்த்துக்கொள்ளக்கூடிய அளவுதான் தோட்டம். அதற்கு மேல் பெரிதாக இருந்தால் காடாகிவிடும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். பழ மரங்கள் தோட்டத்தின் கடைசியில், இரண்டு வீடுகளின் பின்புறங்களுக்கு நடுவில் வரிசையாக வந்தன. பழமும் கிடைக்கும், எதிர் வீட்டுப் பின்ஜன்னலுக்கு மறைப்பும் ஆகும். கோர்ட் 15-இல் முதுகோடு முதுகாக ஒட்டிக் கிடந்த இரண்டு குடும்பங்களுக்கு நடுவில் இங்கே வந்து நிற்பது ஒரு பழத்தோட்டம். குளியலறைக்கு இடமில்லாத சிறிய வீடுகளில் சமையலறையிலேயே தொட்டியைத் தரைக்குள் பதித்து மேலே மூடி போட்டிருக்கிறார்கள். சில வீடுகளில் அலமாரி போல நிமிர்த்தி வைத்துத் தேவைப்படும்போது இறக்கும் தொட்டி. தொழிலாளியின் வீட்டுக்குள் குளியல் தொட்டி என்பதே அன்றைக்குப் புதுமை. இதன் பலன் கண்ணெதிரே தெரிந்தது. 1915 வாக்கில் ஐந்தாண்டுக் கணக்கெடுத்துப் பார்த்தபோது, போர்ன்வில்லின் இறப்பு விகிதமும் சிசு மரண விகிதமும் பர்மிங்காம் நகரத்தைவிட வெகுவாகக் குறைந்திருந்தன.

இதுவரை சொன்னது ஒரு நல்ல முதலாளியின் கதை. இனிமேல் வருவதுதான் அதிகம் பேசப்படாதது. முதலில் கட்டிய வீடுகளை ஜார்ஜ் 999 ஆண்டுக் குத்தகைக்கு, குறைந்த வட்டிக் கடனோடு, ஏறத்தாழ அடக்க விலைக்கே விற்றார். சில ஆண்டுகளுக்குள் வாங்கியவர்களில் சிலர் நல்ல லாபத்துக்கு வீட்டைக் கைமாற்றிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏழைத் தொழிலாளி கையில் முதல்முறையாக ஒரு சொத்து வந்தால், அதன் விலை ஏறினால், விற்காமல் என்ன செய்வான்? ஆனால் யாருக்காகக் கட்டினாரோ அவர்கள் அடுத்த கையில் வாங்க முடியாத விலைக்கு வீடு போய்க்கொண்டிருந்தது. தயாளம் என்பது முதல் கைமாற்றத்தோடு ஆவியாகிவிடும் என்பதை ஜார்ஜ் தன் கண்ணாலேயே பார்த்தார். உடனே வழியை மாற்றினார். 1900 டிசம்பரில் 330 ஏக்கர் நிலத்தையும் அதிலிருந்த 313 வீடுகளையும் போர்ன்வில் வில்லேஜ் டிரஸ்ட் என்ற அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார். தனக்கோ வாரிசுகளுக்கோ அதிலிருந்து ஒரு காசும் வராது. வாடகை வசூலில் மிஞ்சுவது மறுபடி வீடு கட்டவும் நிலம் வாங்கவுமே போக வேண்டும். மதச் சார்பும் கட்சிச் சார்பும் நிர்வாகத்தில் கூடாது. பர்மிங்காமிலும் அதைச் சுற்றியும் உள்ள உழைக்கும் மக்களின் வாழ்நிலையை உயர்த்துவதே நோக்கம் என்று பத்திரம் சொல்கிறது. கேட்பரி ஆலையின் தொழிலாளர்கள் என்று அது சொல்லவில்லை. தொடக்கத்திலிருந்தே குடியிருந்தவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே அந்த ஆலையில் வேலை பார்த்தார்கள். மறு ஆண்டு, 1901-இல், தோட்ட நகரங்கள் பற்றிய மாநாடு இங்கேதான் கூடியது. லெட்ச்வொர்த் போன்ற ஊர்கள் எழுவதற்கு முன் அவற்றைக் கனவு கண்டவர்கள் வந்து பார்த்துப் போன மாதிரி இது.

சாக்லேட் பணம் இருந்ததால் நடந்தது, இதில் பத்திரத்துக்கு என்ன பெருமை என்று கேட்கலாம். அதே நாட்டில் பணமும் மனமும் குறையாத இன்னும் இரண்டு ஊர்களை அருகில் வைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். யார்க்ஷையரில் டைட்டஸ் சால்ட் என்ற கம்பளி முதலாளி 1853-இல் ஆலை திறந்து சால்ட்டேர் என்ற அழகான ஊரைக் கட்டினார். 1876-இல் அவர் இறந்தார். நிறுவனம் தடுமாறி வேறு கைக்குப் போனது. 1933-இல் ஊரின் வீடுகள் மொத்தமாக ஒரு சொத்து நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் சோப்பு முதலாளி வில்லியம் லீவர் 1888-இல் தொடங்கிய போர்ட் சன்லைட்டில் வீடுகள் போர்ன்வில்லைவிடப் பகட்டானவை. ஆனால் அங்கே வீடு என்பது வேலையின் நிழல். வேலை போனால் வீடும் போகும். 1980-களில் அந்த வீடுகள் சந்தைக்கு வந்தன. இரண்டு ஊர்களின் கல்லும் இன்று அக்கறையோடு காக்கப்படுகின்றன, சால்ட்டேர் உலகப் பாரம்பரியச் சின்னமாகவே ஆகிவிட்டது. யாருக்காகக் கட்டினார்களோ அந்த ஏற்பாடு மட்டும் இல்லை. போர்ன்வில்லுக்கும் அந்தச் சோதனை வந்தது. 2010-இல் அமெரிக்காவின் கிராஃப்ட் நிறுவனம் கேட்பரியை வாங்கியது. 2012-இல் அது மாண்டலீஸ் என்ற பெயருக்கு மாறியது. ஆலையின் முதலாளி அட்லாண்டிக்குக்கு அப்பால் போனார். ஊரில் யாரும் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கவில்லை, ஒரு பூங்காகூட விலைக்கு வரவில்லை. விற்ற கணக்கில் அந்த நிலம் 110 ஆண்டுகளுக்கு முன்பே இல்லாமல் போயிருந்தது.

இந்தப் பணத்தின் மேல் ரத்தக்கறை இருக்கிறதே என்பது இதைவிடக் கனமான கேள்வி. அதைத் தவிர்த்துவிட்டு இந்த ஊரைப் பாராட்டக்கூடாது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேட்பரி வாங்கிய கோகோவில் பெரும்பகுதி போர்ச்சுகல் ஆண்ட சாவ் தோமே, பிரின்சிபே தீவுகளிலிருந்து வந்தது. ஒப்பந்தக் கூலிகள் என்ற பெயரில் அங்கோலாவிலிருந்து பிடித்துவரப்பட்ட மக்கள் அங்கே உழைத்தார்கள். ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பியவர்கள் அநேகமாக யாரும் இல்லை. அடிமைமுறை என்பதைத் தவிர அதற்கு வேறு பெயர் கிடையாது. ஜார்ஜின் அண்ணன் மகன் வில்லியம் கேட்பரிக்கு 1901-இலேயே விஷயம் எட்டிவிட்டது. விசாரிக்க ஆள் அனுப்பினார்கள், அறிக்கை வாங்கினார்கள், அரசோடு பேசினார்கள். கோகோ வாங்குவதை நிறுத்த 1909 மார்ச் வரை ஆனது. இந்தக் கோகோ விவகாரத்தை ஒரு பத்திரிகை சுட்டிக்காட்டியபோது கேட்பரி அவதூறு வழக்குப் போட்டது. 1909 டிசம்பரில் பர்மிங்காம் நீதிமன்றம் கேட்பரி பக்கம் தீர்ப்பளித்தது. இழப்பீடாக ஜூரிகள் கொடுத்தது ஒரு ஃபார்த்திங், அதாவது கால் பென்னி. வழக்கில் வென்றவரின் மானத்துக்கு ஊர் போட்ட விலை அது. போயர் போரை எதிர்க்க 1901-இல் ஒரு நாளிதழையே வாங்கிய குடும்பம், தன் ஆலைக்குள் வரும் மூட்டையின் விஷயத்தில் எட்டு ஆண்டு எடுத்துக்கொண்டது மன்னிக்கத்தக்கதல்ல. லிண்டன் சாலையின் தோட்டத்தில் குழந்தை பிழைத்துக்கொண்டபோது, பெயர் தெரியாத ஒரு தீவுத் தோட்டத்தில் இன்னொரு குழந்தையின் தகப்பன் திரும்பி வரவில்லை. இது என் வாதத்தைத் தளர்த்துகிறதா என்று யோசித்தால், இறுக்குகிறது என்றே படுகிறது. மனிதர்களின் நல்லெண்ணம் எப்படிக் கண்ணுக்குத் தெரியும் தூரத்தோடு நின்றுவிடும் என்பதற்கு இந்தக் குடும்பமே சாட்சி. பர்மிங்காம் தொழிலாளிக்கு ஒரு பத்திரம் இருந்தது. சாவ் தோமேயின் கூலிக்கு முதலாளியின் மனசாட்சியைத் தவிர எதுவும் இல்லை.

ஊருக்குள்ளேயே இருக்கும் குறை ஒன்றையும் சொல்ல வேண்டும். ஜார்ஜ் குடியிருப்பவர்களுக்கு உடல்நல விதிகள் என்று அச்சடித்துக் கொடுத்தார். மூக்கால் மூச்சுவிடுவதிலிருந்து, கணவனும் மனைவியும் தனித்தனிக் கட்டிலில் படுப்பது நாகரிகம் என்பது வரை அதில் உண்டு. அன்று ஆலையில் மணமான பெண்களுக்கு வேலை கிடையாது. ஊரில் மதுக்கடை கிடையாது. பெரிய மனிதர் ஒருவர் ஏழையின் படுக்கையறை வரை வந்து புத்தி சொல்வதில் இருக்கும் அவமதிப்பை மறைக்கத் தேவையில்லை. ஆனால் காலம் எதை உதிர்த்தது, எதை வைத்துக்கொண்டது என்று பார்க்க வேண்டும். கட்டில் அறிவுரை அவரோடு போய்விட்டது, ஏனென்றால் அது வெறும் அறிவுரை. மது விஷயம் பத்திரத்தில் இருக்கிறது. அங்கேயும் அது நிரந்தரத் தடை அல்ல. அறங்காவலர்கள் எல்லாரும் ஒருமனதாகச் சம்மதித்தால் அனுமதிக்கலாம், ஆனால் வரும் லாபம் ஊரின் பொழுதுபோக்குக்கே போக வேண்டும் என்று எழுதியிருக்கிறார். தன் கொள்கையைப் பின்வருபவர்கள் மாற்ற ஒரு கதவு திறந்துவைத்தவர், யாரும் அதில் லாபம் பார்க்க மட்டும் வழிவிடவில்லை. அந்தக் கதவைத் தள்ளிப் பார்க்காமல் இருந்தவர்கள் இங்கே குடியிருப்பவர்களே. 2007-இல் ஒரு பெரிய அங்காடி நிறுவனம் இங்குள்ள தன் கடையில் மது விற்க உரிமம் கேட்டபோது எதிர்த்து நின்றவர்கள் அவர்கள். மதுக்கடை எதிர்ப்பு என்றால் என்ன என்று தமிழ்நாட்டுப் பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அழகும் அமைதியும் கூடினால் விலையும் கூடும். இன்று போர்ன்வில்லில் சாதாரணத் தொழிலாளி வீடு வாங்க முடியுமா என்பது மிச்சமிருக்கும் கேள்வி. சந்தையில் விற்பனைக்கு வரும் வீட்டை வாங்குவது கடினம்தான். 1967-இல் வந்த குத்தகைச் சீர்திருத்தச் சட்டம், நீண்ட காலக் குத்தகைதாரர்கள் தங்கள் வீட்டின் அடிமனையை வாங்கிக்கொள்ள உரிமை கொடுத்தது. நியாயமான சட்டம், ஆனால் போர்ன்வில் போன்ற ஊரைத் துண்டுதுண்டாக உடைத்துவிடக்கூடிய சட்டமும்கூட. அந்தச் சட்டமே அனுமதித்த மேலாண்மைத் திட்டம் ஒன்றின் கீழ், மனை தனியாருடையதானாலும் வெளித்தோற்றத்தை மாற்ற, வேலிச்செடியை எடுக்க, மரத்தை வெட்ட டிரஸ்ட்டின் அனுமதி வேண்டும் என்ற நிலை தொடர்கிறது. தன் வீட்டு ஜன்னலை மாற்ற இன்னொருவரிடம் கேட்க வேண்டுமா என்று எரிச்சல்படுபவர்கள் உண்டு. எரிச்சல் நியாயமானது. ஒவ்வொருவரும் முன்தோட்டத்தைச் சிமெண்ட் பூசி இரண்டு கார் நிறுத்தினால் தெருவில் என்ன மிஞ்சும் என்பதைப் பார்க்கப் பர்மிங்காமின் மற்றத் தெருக்களுக்குள் போய் வந்தால் போதும். இதைவிட முக்கியம், சமூக வாடகை வீடுகளை டிரஸ்ட் தன் கையில் வைத்திருப்பதும், அவை சொந்த வீடுகளோடு கலந்தே இருப்பதும். வெளியிலிருந்து பார்த்து எது வாடகை, எது சொந்தம் என்று கண்டுபிடிக்க முடியாது.

வந்தேறிகளும் இந்த ஊருக்கு அந்நியமில்லை. புல்வெளிக்கு அருகில் நிற்கும் செல்லி மேனர் என்ற மரச்சட்ட வீடே வெளியூர்க்காரர்தான். ஒரு மைலுக்கு அப்பால் இடியும் நிலையில் இருந்ததை ஜார்ஜ் 1907-இல் வாங்கி, பிரித்து, எண் போட்டுக் கொண்டுவந்து இங்கே மறுபடி பூட்டினார். ஊரின் மேற்குப் பக்கம் நடந்தால், செங்கல் குடில்களுக்கு நடுவில் சற்றும் எதிர்பாராமல் பைசாந்தியக் குவிமாடங்களோடு ஒரு கோயில் எழுகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு யூகோஸ்லாவியாவிலிருந்து அகதிகளாக வந்த செர்பியர்கள் 1960-களில் கட்டிய ஆர்த்தடாக்ஸ் தேவாலயம். வழிபாட்டில் சிலையோ ஓவியமோ மெழுகுவர்த்தியோ வேண்டாம் என்ற குவேக்கர்களின் ஊரில், உட்சுவர் முழுக்கப் புனிதர்களை எழுதிய ஒரு கோயில். நிர்வாகத்தில் மதச் சார்பு கூடாது என்று 1900-இல் எழுதிய ஒரு வரி இப்படியும் பூத்திருக்கிறது. அங்கிருந்து பள்ளத்தில் இறங்கினால் பொம்மைப் படகுகள் விடும் குளம். 1930-களின் பெருமந்தத்தில் வேலையிழந்தவர்களுக்குக் கூலி கொடுத்து வெட்டியது. கரையில் உட்கார்ந்திருக்கும் கிழவர்களுக்கும் வாத்துக்கு ரொட்டி போடும் குழந்தைகளுக்கும் அது வெறும் குளம். அப்படி இருப்பதே சரி.

வடக்கே பிரிஸ்டல் சாலை வரை நடந்தால் வுட்புரூக் என்ற வீடு. ஜார்ஜ் கேட்பரி தான் குடியிருந்த அந்த மாளிகையையே 1903-இல் குவேக்கர்களின் கல்வி நிலையத்துக்காகக் கொடுத்துவிட்டார். வட்டமேஜை மாநாட்டுக்காக இங்கிலாந்து வந்திருந்த காந்தி 1931 அக்டோபரில் இங்கே வந்து தங்கினார். அவருடைய நண்பர் ஹொரஸ் அலெக்சாண்டர் இங்கே ஆசிரியராக இருந்தார். பணக்காரர்கள் தங்கள் சொத்துக்குத் தர்மகர்த்தாக்களாக இருக்க வேண்டும் என்ற காந்தியின் கருத்து நாம் அறிந்ததே. அதை எதிர்த்தவர்கள் கேட்டதும் நாம் அறிந்ததே: தர்மகர்த்தாவின் மனம் மாறிவிட்டால் என்ன செய்வது? அந்தக் கேள்விக்கு ஒரு பதில், அவர் தங்கிய வீட்டைச் சுற்றி ஆயிரம் வேலிகளாக நின்றுகொண்டிருந்தது. போர்ன்வில்லின் முதல் அறங்காவலர்கள் கேட்பரி குடும்பத்தார்தான். ஆனால் அடுத்தடுத்து வரும் காலியிடங்களுக்குப் பர்மிங்காம் மாநகராட்சியும் பல்கலைக்கழகமும் குவேக்கர் சபையும் ஆள் நியமிக்கும்படி பத்திரம் இடம் வைத்திருந்தது. தன் பிள்ளைகளின் மனம் மாறாது என்ற நம்பிக்கையில் ஜார்ஜ் எதையும் விட்டுவைக்கவில்லை. காந்தி வந்த அந்த அக்டோபரில் அவர் இறந்து 9 ஆண்டுகள் ஆகியிருந்தன. இங்கிலாந்தில் அது ஆப்பிள் பறிக்கும் மாதம். லிண்டன் சாலையிலும் அகேசியா சாலையிலும் வாடகைக்குக் குடியிருந்தவர்கள், யாருக்கும் நன்றி சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமல், தங்கள் தோட்டத்துக் கடைசி மரத்தில் ஏணி சாத்தியிருப்பார்கள்.